குடிச்சிட்டு கார் ஓட்டி சிக்கினா இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறுமா? 'ஃபுல் கவர்' இருந்தும் கை விட்டுப் போவது என்னென்ன?

"அதான் வண்டிக்கு ஃபுல் கவர் போட்டிருக்குல்லா, பிறகென்ன?" நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற வார்த்தை இது. கல்யாண வீடு, கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, கிறிஸ்துமஸ் விடுமுறை என்று கூட்டம் சேரும் நாட்களில் 'ரெண்டு ரவுண்டு' போட்டுவிட்டு ஸ்டீயரிங் பிடிப்பவர்களுக்கு, இந்த 'ஃபுல் கவர்' ஒரு தைரியம்.

போலீஸ் ஊதச் சொல்லி மாட்டினால் 10,000 ரூபாய் போகும், லைசென்ஸ் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்சூரன்ஸ் என்ன ஆகும்? அடுத்த வருஷம் பிரீமியம் கூடுமா? விபத்து நடந்துவிட்டால் கம்பெனி பணம் தருமா? அடிபட்டவர் குடும்பத்துக்கு யார் கொடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

● குடிபோதை வழக்கு பதிவானதற்காக மட்டும் இந்தியாவில் இப்போது கார் பிரீமியம் தானாக ஏறுவதில்லை.

● ஆனால் போதையில் விபத்து நடந்தால் உங்கள் காருக்கான கிளெய்ம், உங்களுக்கான தனிநபர் விபத்து காப்பீடு இரண்டையும் கம்பெனி மறுக்கலாம்.

● அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி பணம் கொடுத்தாலும், அதை வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. இது பல லட்சம் வரை போகும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 185-வது பிரிவுதான் அடிப்படை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது ப்ரீத் அனலைசர் கருவியில் தெரிந்தால் குற்றம். முன்பு முதல் தடவைக்கு அபராதம் 2,000 ரூபாய் வரைதான் இருந்தது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று ஆக்கினார்கள். மறுபடியும் மாட்டினால் 15,000 ரூபாய் அல்லது 2 வருஷம் வரை சிறை அல்லது இரண்டும்.

இதோடு லைசென்ஸும் போகும். குடிபோதையில் ஓட்டினால் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-லேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அந்த நிறுத்தக் காலத்தில் வண்டி ஓட்டி விபத்து ஆனால், 'தகுதியான லைசென்ஸ் இல்லை' என்ற இன்னொரு காரணமும் இன்சூரன்ஸ் கம்பெனி கையில் சேர்ந்துகொள்ளும்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம். களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று போனாலும் இதே சட்டம்தான். இது மத்திய சட்டம். மாநில எல்லையைத் தாண்டியதும் 30 மில்லிகிராம் அளவு மாறாது, பாலிசி நிபந்தனையும் மாறாது.

சரி, பிரீமியம் ஏறுமா?

கார் பாலிசியில் இரண்டு பாகம் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் பதில் புரியும்.

முதல் பாகம் தேர்டு பார்ட்டி. உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதத்துக்கான காப்பீடு. சட்டப்படி கட்டாயம். இதற்கான கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி தனிநபர் கார்களுக்கு ஒரு வருஷக் கட்டணம்:

● 1,000 சிசி வரை: 2,094 ரூபாய்
● 1,000 முதல் 1,500 சிசி வரை: 3,416 ரூபாய்
● 1,500 சிசிக்கு மேல்: 7,897 ரூபாய்

இதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இந்தத் தொகை எல்லோருக்கும் ஒன்றுதான். இருபது வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுபவருக்கும், மூன்று தடவை ஊதி மாட்டியவருக்கும் ஒரே கட்டணம்.

இரண்டாம் பாகம் ஓன் டேமேஜ். உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. இதற்கான கட்டணத்தை 2007 முதல் கம்பெனிகளே முடிவு செய்கின்றன. காரின் மாடல், வயது, ஐடிவி எனப்படும் மதிப்பு, எந்த ஊரில் பதிவானது என்பதெல்லாம் கணக்கில் வரும். சென்னை 'ஏ' மண்டலம், நாகர்கோவில் 'பி' மண்டலம் என்பதால் அதே காருக்கு இரண்டு ஊரிலும் கட்டணம் வேறுபடும். இந்தக் கணக்கில் 'டிரைவர் மேல் குடிபோதை வழக்கு உண்டா' என்பது வழக்கமான கேள்வியாக இல்லை.

ஆக, போலீஸ் சோதனையில் மாட்டி, அபராதம் கட்டி, விபத்து எதுவும் நடக்காமல் வீடு வந்து சேர்ந்தால், அடுத்த வருஷ ரினியூவலில் அது பெரும்பாலும் தெரியாது.

விபத்து நடந்து கிளெய்ம் போட்டால் கதை வேறு. கிளெய்ம் போடாத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி கூடிக்கொண்டே போகும். இதுதான் என்சிபி, அதாவது நோ கிளெய்ம் போனஸ். ஒரு தடவை ஓன் டேமேஜ் கிளெய்ம் வாங்கிவிட்டால், என்சிபிக்குப் பாதுகாப்புத் தரும் ஆட்-ஆன் இல்லாத பட்சத்தில், அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். உதாரணத்துக்கு ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய் என்றால், 50 சதவீத என்சிபி உள்ளவர் 5,000 கட்டுகிறார். கிளெய்முக்குப் பிறகு முழு 10,000 கட்ட வேண்டும். ஆனால் இது குடித்து ஓட்டியதற்கான தண்டனை இல்லை. குடிக்காமல் மோதியவருக்கும் இதே கணக்குதான்.

இந்த நிலை மாறப்போகிறதா?

மாற்ற வேண்டும் என்ற பேச்சு பல வருஷமாக இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அமைத்த பணிக்குழு, 2021 ஜனவரியில் ஒரு பரிந்துரை அறிக்கை கொடுத்தது. 'போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்' என்று ஒரு புது பாகத்தையே பாலிசியில் சேர்க்கலாம் என்பது அதன் சாரம். ஒவ்வொரு விதிமீறலுக்கும் ஒரு புள்ளி. தவறான இடத்தில் பார்க்கிங் செய்தால் 10 புள்ளி. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி. பட்டியலில் அதுதான் அதிகபட்சம். புள்ளி கூடக்கூட ரினியூவலில் கூடுதல் தொகை கட்ட வேண்டும். முதலில் டெல்லியில் சோதனை முயற்சியாகச் செய்யலாம் என்றும் குழு சொன்னது.

2024-ல் டெல்லி துணைநிலை ஆளுநர் வி.கே.சக்சேனா, விதிமீறல் எண்ணிக்கையை பிரீமியத்தோடு இணைக்க வேண்டும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதியதும் இதே யோசனையின் தொடர்ச்சிதான்.

இன்னொரு பக்கம், 'எப்படி ஓட்டுகிறீர்களோ அதற்கேற்ப பிரீமியம்' என்ற ஆட்-ஆன் திட்டங்களுக்கு ஐஆர்டிஏஐ 2022 ஜூலையில் அனுமதி கொடுத்துவிட்டது. அதில் சேர்வதும் சேராததும் வாடிக்கையாளர் விருப்பம். பாதை எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு இதுவே ஒரு அடையாளம். இ-சலான், லைசென்ஸ், வாகனப் பதிவு விவரங்கள் எல்லாம் ஏற்கெனவே கணினியில் ஏறிவிட்டன. இன்சூரன்ஸ் கணக்கோடு அவற்றை இணைப்பது இனி தொழில்நுட்பப் பிரச்னை இல்லை, கொள்கை முடிவுதான் பாக்கி.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் குடித்து ஓட்டி தண்டனை பெற்றால் 'டிஆர்10' என்ற குறியீடு லைசென்ஸ் பதிவில் 11 வருஷம் இருக்கும். தண்டனை பெற்ற 5 வருஷத்துக்கு, இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டால் மறைக்கக் கூடாது. மறைத்தால் பாலிசியே செல்லாமல் போகலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 'எஸ்ஆர்-22' என்ற சான்றைக் கம்பெனி அரசுக்குத் தாக்கல் செய்தால்தான் மறுபடி ஓட்டவே முடியும். இவர்கள் 'அதிக ஆபத்துள்ள டிரைவர்' என்ற வகையில் வருவதால் பிரீமியம் பெரிதாக ஏறும்.

குமரி மாவட்டத்தில் இருந்து வேலைக்குப் போனவர்கள் அதிகம் உள்ள ஐக்கிய அரபு அமீரகத்திலும், போதையில் விபத்து ஏற்படுத்தினால் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை பாலிசிதாரரிடம் திரும்பக் கேட்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு.

அங்கெல்லாம் தண்டனை ஒவ்வொரு வருஷமும் பிரீமியத்தில் தெரிகிறது. இங்கே அப்படித் தெரிவதில்லை. விபத்து நடக்கும் நாளில்தான் மொத்தமாகத் தெரிகிறது. பிரச்னையே அங்குதான்.

'ஃபுல் கவர்' எங்கே கைவிடும்?

'காம்ப்ரிஹென்சிவ்' பாலிசியைத்தான் ஊரில் 'ஃபுல் கவர்' என்கிறார்கள். அந்தப் பாலிசியின் விதிவிலக்குப் பகுதியில் ஒரு வரி இருக்கும். காரின் உரிமையாளரோ, அவருக்குத் தெரிந்தும் அவர் சம்மதத்தோடும் ஓட்டிய வேறு யாரோ, மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் இருக்கும்போது ஏற்படும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காது என்பது அதன் பொருள்.

இந்த ஒரு வரியால் போவது மூன்று.

ஒன்று, காரின் சேதம். 12 லட்சம் ரூபாய் கார் முழுதாக நொறுங்கினாலும் கிளெய்ம் மறுக்கப்படலாம். பேங்க் லோன் இருந்தால், கார் இல்லாமலே மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு, ஆட்-ஆன்கள். 'ஜீரோ டெப்', 'பம்பர் டு பம்பர்' என்று கூடுதல் பணம் கட்டி எடுத்தது எல்லாம் அடிப்படை கிளெய்ம் ஏற்கப்பட்டால்தான் வேலை செய்யும். அடிப்படையே போனால் இவையும் சேர்ந்து போகும்.

மூன்று, தனிநபர் விபத்து காப்பீடு. வண்டி உரிமையாளரே ஓட்டி உயிரிழந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்க வேண்டிய காப்பீடு இது. போதையில் இருந்தது நிரூபணமானால் இதுவும் கிடைக்காது. கார், பைக் இரண்டுக்கும் பொருந்தும். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆளை இழந்த குடும்பம், இந்தப் பணமும் வராது என்று தெரியும்போது நிற்கிற நிலையை யோசித்துப் பாருங்கள்.

"ஊதவே இல்ல, டெஸ்டும் எடுக்கல... அப்ப எப்படி நிரூபிப்பாங்க?"

இதற்கு உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் பதில் சொல்லிவிட்டது. 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் விபத்தில் சிக்கித் தீப்பிடித்து எரிந்தது. ஓட்டியவருக்கு ப்ரீத் அனலைசர் சோதனையும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. மருத்துவமனைப் பதிவில் 'மது வாடை' என்ற குறிப்பு மட்டும் இருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் காரின் உரிமையாளரான நிறுவனத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. இஃப்கோ டோக்கியோ இன்சூரன்ஸ் மேல்முறையீடு செய்தது. நீதிபதிகள் யு.யு.லலித், இந்திரா பானர்ஜி, கே.எம்.ஜோசப் அமர்வு கம்பெனி பக்கம் தீர்ப்பு கொடுத்தது.

அந்தத் தீர்ப்பு சொன்ன முக்கியமான விஷயம்: 185-வது பிரிவில் குற்றவாளி என்று நிரூபிப்பது வேறு, பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று நிரூபிப்பது வேறு. முதலாவதற்கு 30 மில்லிகிராம் கணக்கு வேண்டும். இரண்டாவதற்கு, போதையின் தாக்கத்தால் ஓட்டும் திறன் குறைந்திருந்தது என்பதைச் சூழ்நிலைகளை வைத்தே கம்பெனி காட்டலாம். விபத்து நடந்த விதம், நேரம், சாலையின் அகலம், மருத்துவர் எழுதிய குறிப்பு என எல்லாம் சாட்சி.

இதை நம்ம ஊர்ப்படி புரிந்துகொள்ள வேண்டும் என்றால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு மருத்துவமனையிலோ சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேடு, அதாவது 'ஏ.ஆர். காப்பி', மிக முக்கியமான ஆவணம். அதில் மது வாடை பற்றி எழுதியிருக்கும் ஒரு வரி, பின்னால் கிளெய்மின் தலையெழுத்தை மாற்றலாம்.

அதே நேரம், வாடை அடித்தது என்று எழுதிவிட்டாலே கம்பெனி ஜெயித்துவிடும் என்றும் இல்லை. நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. எதிரே வந்த லாரி ராங் சைடில் வந்து மோதியிருந்தால், ஓட்டியவரின் போதைக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று வாதாட இடம் இருக்கிறது.

அடிபட்டவர் குடும்பத்துக்குப் பணம் கிடைக்குமா?

எந்தத் தப்பும் செய்யாமல் ரோட்டோரம் நடந்து போனவர் அடிபடுகிறார். ஓட்டியவர் குடித்திருந்தார் என்பதற்காக அவர் குடும்பத்துக்கு இழப்பீடு இல்லை என்று சொன்னால் அது என்ன நியாயம்? இதற்கு நீதிமன்றங்கள் கண்டுபிடித்த வழிதான் 'பே அண்ட் ரெக்கவர்'. முதலில் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். பிறகு அதை வண்டி உரிமையாளரிடமும் ஓட்டியவரிடமும் வசூலித்துக்கொள்ளலாம்.

லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர் வழக்குகளில் 2004-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஸ்வரண் சிங் தீர்ப்பில் இந்த முறை விரிவாகப் பேசப்பட்டது. 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம், ஓட்டியவர் குடித்திருந்தாலும் மூன்றாம் நபருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதே வழியில் போனது. 2017-ல் நடந்த ஒரு விபத்தில் இறந்தவரின் குடும்பம் தொடுத்த வழக்கு அது. ஓட்டுநர் போதையில் இருந்ததால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பாயம் விடுவித்திருந்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றி, கொடுத்துவிட்டு வசூலித்துக்கொள்ளச் சொன்னது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. 2019 திருத்தத்தின் இன்சூரன்ஸ் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அதில் 150-வது பிரிவு, கம்பெனி தன் பொறுப்பை மறுக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக 'மது அல்லது போதையின் தாக்கத்தில் ஓட்டுவது' என்பதையும் நேரடியாக எழுதிவிட்டது. முன்பு பாலிசியில் மட்டும் இருந்த நிபந்தனை, இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த விபத்துகளில் கம்பெனிகள் இதை வலுவாக வாதிடும். ஆனால் 'லைசென்ஸ் இல்லை' என்ற காரணம் பழைய சட்டத்திலேயே அதே பட்டியலில் இருந்தது. அப்படி இருந்தும் நீதிமன்றங்கள் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுக்கச் சொல்லி வந்திருக்கின்றன. அந்த வாதம் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்கிறது.

எப்படிப் பார்த்தாலும் ஒன்று மாறாது. பணம் கடைசியில் யார் தலையில் விழும் என்றால், வண்டி உரிமையாளர் தலையில்தான்.

எவ்வளவு வரும்? ஒரு கணக்கு

விபத்து இழப்பீட்டைத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்கிடுகிறது என்பதற்கு 2009-ல் சரளா வர்மா, 2017-ல் பிரணய் சேத்தி என இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வழிகாட்டி. அந்த முறையில் ஒரு கற்பனைக் கணக்கு போடலாம்.

30 வயது கொத்தனார். மாதம் 25,000 ரூபாய் வருமானம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள்.

● எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 35,000 ரூபாய்
● வருஷத்துக்கு 4,20,000 ரூபாய்
● அவர் சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் 3,15,000 ரூபாய்
● 30 வயதுக்கான பெருக்கல் எண் 17. ஆக 53,55,000 ரூபாய்

இதற்கு மேல் இறுதிச் சடங்கு, துணையை இழந்ததற்கான தொகை போன்றவை சேரும். மனு போட்ட நாளில் இருந்து வட்டியும் உண்டு. தமிழ்நாட்டு வழக்குகளில் பெரும்பாலும் 7.5 சதவீதம் விதிக்கப்படுகிறது. வழக்கு நான்கைந்து வருஷம் இழுத்தால் வட்டியே பல லட்சம்.

இந்தத் தொகையைக் கம்பெனி கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் கேட்க, புதிதாக ஒரு வழக்கு போடக்கூடத் தேவையில்லை. அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனு தாக்கல் செய்யலாம் என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதன் பிறகு ஜப்தி வரை போகும். வீடு, தென்னந்தோப்பு, ரப்பர் தோட்டம், வளைகுடாவில் சம்பாதித்து வாங்கிப் போட்ட ஐந்து சென்ட் மனை எதுவும் இதில் தப்பாது. அபராதம் 10,000 ரூபாய் என்று நினைத்தவருக்கு வரும் உண்மையான பில் இதுதான்.

வண்டி நம்மது, ஓட்டினது நண்பர்... அப்போ?

குமரி மாவட்டத்தில் இது சாதாரணமாக நடப்பது. வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வந்த மச்சான் கேட்டார், கல்யாண வீட்டுக்குப் போக சித்தப்பா பையன் கேட்டான் என்று சாவியைக் கொடுத்துவிடுவோம்.

சம்மதத்தோடு கொடுத்தால் இழப்பீட்டுப் பொறுப்பு உரிமையாளருக்கும் வரும். உங்களுக்குத் தெரிந்து, உங்கள் சம்மதத்தோடு ஓட்டியவர் போதையில் இருந்தார் என்றால் பாலிசி விதிவிலக்கும் உங்கள் மேல் பாயும். அவர் குடித்திருந்தது உண்மையிலேயே தெரியாது, சாவி கொடுக்கும்போது தெளிவாகத்தான் இருந்தார் என்றால் அதைச் சொல்லி வாதாடலாம். ஆனால் பின் சீட்டில் நீங்களே உட்கார்ந்திருந்தால் அந்த வாதம் எடுபடுவது கஷ்டம்.

கூட உட்கார்ந்து வருபவர்களுக்கும் சிக்கல் இருக்கிறது. குடித்தவரை ஓட்ட விட்டுக் கூடவே பயணம் செய்தால், குற்றத்துக்கு உடந்தை என்று 188-வது பிரிவில் அபராதம் விதிக்கப்படும் என 2022 அக்டோபரில் சென்னை போக்குவரத்து போலீஸ் அறிவித்தது. பிரிவு நாடு முழுக்க ஒன்றுதான்.

இன்சூரன்ஸ் பக்கம் இன்னொரு கண்ணி. தனிநபர் காரில் ஓசியில் கூட வருபவருக்கு 'ஃபுல் கவர்' பாலிசியில் பாதுகாப்பு உண்டு. வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால், காருக்குள் இருந்த நண்பருக்குக் கம்பெனி பொறுப்பில்லை. அவர் குடும்பம் கேட்பதெல்லாம் நேராக உரிமையாளரிடம்தான் வரும்.

"ஓட்டினது தம்பின்னு சொல்லிரலாம்" – சொல்லலாமா?

விபத்து நடந்த கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கொடுக்கும் ஐடியா இது. குடிக்காத ஒருவரை ஸ்டேஷனுக்கு அனுப்பி, அவர்தான் ஓட்டினார் என்று எழுத வைப்பது. இதில் இரண்டு ஆபத்து.

உயிரிழப்பு நடந்திருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 வருஷம் வரை சிறைத் தண்டனை உள்ள வழக்கில் அந்தத் தம்பி குற்றவாளி ஆகிறார். பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை என்று போகும்போது போலீஸ் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும்.

அடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிகள் சும்மா நம்பிவிடுவதில்லை. பெரிய கிளெய்ம் என்றால் விசாரணை அதிகாரி வருவார். கடை வாசல் சிசிடிவி, மொபைல் டவர் விவரம், டிரைவர் சீட் பக்கக் காயம் யாருக்கு, ஆஸ்பத்திரியில் முதலில் சேர்ந்தவர் யார் என்று பார்ப்பார். பொய் என்று தெரிந்தால் கிளெய்ம் போவதோடு மோசடி வழக்கும் வரும். போதை பற்றிய சந்தேகத்தை எதிர்த்து வாதாட இருந்த வாய்ப்பும் அதோடு முடிந்தது.

கிளெய்மை மறுத்துவிட்டால் எங்கே போவது?

உண்மையிலேயே குடிக்காதவருக்கும், சந்தேகத்தின் பேரில் கிளெய்ம் மறுக்கப்படுவது உண்டு. அப்படி நடந்தால்:

● மறுப்புக்கான காரணத்தை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். எந்த நிபந்தனை, எந்த ஆதாரம் என்று அதில் இருக்க வேண்டும்.

● ஏ.ஆர். காப்பி, எஃப்ஐஆர், ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் அதன் முடிவு ஆகியவற்றின் நகலைக் கையில் வையுங்கள்.

● முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவில் புகார். பதில் திருப்தி இல்லை என்றால் ஐஆர்டிஏஐ-ன் 'பீமா பரோசா' தளம் அல்லது 155255 என்ற இலவச எண்.

● அடுத்து சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் மனு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

● நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இன்னொரு வழி. இதற்கு இரண்டு வருஷம் வரை அவகாசம்.

விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபர் என்றால் வழி வேறு. நாகர்கோவிலிலேயே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. மோதிய வண்டி ஓட்டுநர் குடித்திருந்தார், அதனால் இன்சூரன்ஸ் வராது என்று யாராவது சொன்னால் நம்பி, கிடைத்ததை வாங்கிக்கொண்டு சமரசம் ஆகிவிடாதீர்கள்.

இன்னும் சில கேள்விகள்

போலீஸ் சோதனையில் 30-க்குக் கீழே காட்டினால் கிளெய்முக்குப் பிரச்னை இல்லையா?
185-வது பிரிவில் வழக்கு வராது. கிளெய்மிலும் அது உங்களுக்கு ஆதரவான வலுவான ஆதாரம். ஆனால் பாலிசி வாசகம் 'தாக்கத்தில் இருந்தால்' என்றுதான் சொல்கிறது. எத்தனை மில்லிகிராம் என்று சொல்லவில்லை.

மோதியது மின்கம்பம் அல்லது கடை. அதற்கு?
அதுவும் மூன்றாம் நபர் பொருள் சேதம்தான். தனிநபர் கார் பாலிசியில் வழக்கமான வரம்பு 7.5 லட்சம் ரூபாய். போதை நிரூபணமானால் இங்கேயும் பணம் உங்கள் பக்கம் திரும்பலாம்.

கிளெய்ம் வராது என்றால் இன்சூரன்ஸே வேண்டாம் என்று விட்டால்?
இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்கு முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். விபத்து நடந்தால் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுக்கக்கூட ஒரு கம்பெனி இருக்காது.

கம்பெனிகளை விட்டுவிட்டு டிரைவரை மட்டும் பொறுப்பாக்கினால் என்ன?
தீர்ப்பு கையில் இருந்தும், சொத்தில்லாத ஒருவரிடம் இருந்து 50 லட்சம் வசூலிக்கப் பாதிக்கப்பட்ட குடும்பம் வருஷக்கணக்கில் அலைய வேண்டி வரும். கட்டாய இன்சூரன்ஸ் கொண்டு வந்ததே அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான்.

என்ன செய்யலாம்?

பாலிசி பேப்பரை எடுத்து 'விதிவிலக்குகள்' பகுதியை ஒரு தடவை படித்துவிடுங்கள். அலமாரியில் இல்லை என்றால் ஏஜென்டிடம் வாட்ஸ்ஆப்பில் கேட்டாலே அனுப்புவார். பிரீமியம் எத்தனை ரூபாய் குறையும் என்று மட்டும் கேட்காமல், எப்போது பணம் வராது என்றும் கேளுங்கள்.

சாவியைக் கொடுக்கும்போது வாங்குபவர் எங்கே போகிறார், திரும்பும்போது யார் ஓட்டுவார் என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. விசேஷ வீட்டுக்குக் கூட்டமாகப் போனால், குடிக்காத ஒருவர் ஓட்டட்டும். அப்படி ஆள் இல்லை என்றால் கார் அங்கேயே நிற்கட்டும், ஆட்டோவிலோ பஸ்ஸிலோ வீடு வந்து சேருங்கள். காலையில் போய் எடுத்துக்கொள்ளலாம்.